யார் சொன்னதென்று கேளாத விளக்குகள்

விழுப்புரத்தின் புறத்தே, இரும்புக் கதவு துருப்பிடித்து நெடுநாள் மூடிக் கிடந்த அரிசி ஆலையொன்றின் உத்தரங்களிலிருந்து முந்நூறு மூங்கில் கூடுகள் தொங்கின. சிற்பி இனியவன் அவற்றுக்கு வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். ஒவ்வொரு கூட்டினுள்ளும் ஒரு விளக்கு; விளக்கின் அடியில் கட்டைவிரலளவு கணினி; அக்கணினிக்குள் திண்டிவனத்துக் கலைமதி எழுதிய நிரல். ஒருவர் ஏதேனும் ஒரு விளக்கினருகே நின்று ஒரு சொல் சொன்னால் அது நிறம் மாறும். தனக்கு எட்டும் தொலைவிலுள்ள விளக்குகளுக்கு அந்த நிறத்தைச் சொல்லும். அவை தம் அண்டை விளக்குகளுக்குச் சொல்லும். கண்மூடித் திறப்பதற்குள் ஆலை முழுவதும் அந்த ஒரு சொல்லால் சிவந்தோ நீலம் பாரித்தோ நிற்கும். எங்கோ மூலையில் அமர்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பெரிய கணினி எதுவும் அங்கே கிடையாது. பத்து விளக்குகளைக் கழற்றி எடுத்தாலும் மற்றவை தமக்குள் புதுவழி கண்டுகொள்ளும். அதனால்தான் இனியவன் அந்தப் படைப்புக்கு ‘நடுவில்லா ஊர்’ என்று பெயர் வைத்தார்.

பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள். கலைமதி மட்டும் அந்த ஆலைக்குள் நுழையத் தயங்கினாள். அந்த நிரலைச் சரிசெய்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, அவள் தன் அண்ணன் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டியவள்.

அண்ணன் சீனுவாசனுக்கு மண்டகப்பட்டை ஒட்டிக் கழனி. தந்தை இறந்தபோது அவர் பத்தாம் வகுப்பில் இருந்தார். புத்தகப் பையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார் என்று உறவினர்கள் சொல்வார்கள். அவர் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. கலைமதி பொறியியல் இறுதியாண்டில் தன் செயல்திட்டத்துக்கான நிரலை வீட்டிலிருந்தே எழுதினாள். வீட்டுக்கு வந்த மின்கம்பியும் கிணற்று மோட்டாருக்குப் போன கம்பியும் ஒரே கம்பத்திலிருந்து பிரிந்தன. மோட்டார் ஓடத் தொடங்கினால் வீட்டு விளக்கு மங்கும். அவளுடைய பழைய கணினி அணைந்தே போகும். ஒருநாள் அப்படி அணைந்து, காலையிலிருந்து எழுதியவை அனைத்தும் அழிந்துவிட்டன. அவள் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவதைச் சீனுவாசன் கதவோரம் நின்று பார்த்தார். மறுநாள் முதல், அவள் நாற்காலியை விட்டு எழும்வரை அவர் மோட்டாரைத் தொடவில்லை.

அது வேர்க்கடலைக்குத் தண்ணீர் தேவைப்பட்ட பருவம். பக்கத்துக் கழனிக்காரர் கோதண்டபாணி வரப்பில் நின்று கேலி பேசினார்.

“இன்னா சீனு, மல்லாட்டை காஞ்சிக்கினு கெடக்குது. நீ உன் தங்கச்சி கம்ப்யூட்டருக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு கீறியா?”

“அதுவும் நம்ம பயிருதான்யா” என்றார் சீனுவாசன்.

அந்தப் பயிர் நன்றாகவே விளைந்தது. கலைமதி சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தாள். பிறகு திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருந்த கோகுலகிருஷ்ணனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பூவிழி பிறந்தபின் வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதும் வேலைகளை எடுத்துக்கொண்டாள். சீனுவாசன் அங்கே வருவதற்கு இன்ன நாள், இன்ன நேரம் என்று கிடையாது. விதை வாங்கத் திண்டிவனம் வந்தால் வருவார். ஒன்றும் வாங்காமலும் வருவார். வாசல் வழியாக வராமல் பின்கட்டு வழியாக நுழைந்து, கடலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சோற்றுப் பானையைத் தாமே திறந்து பார்ப்பார். “பாப்பா, இன்னா கொழம்பு?” என்ற குரல் கேட்ட பிறகுதான் அண்ணன் வந்திருப்பது அவளுக்குத் தெரியும். வருகிறேன் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லிவிட்டு வந்ததில்லை. அந்த வீட்டில் அழைக்காமல் வரக்கூடியவர் அவர் ஒருவரே என்று கோகுலகிருஷ்ணன் தம் கடைக்கு வருபவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

பூவிழிக்கு ஐந்து வயது நடக்கும்போது திருவக்கரை அம்மன் கோயிலில் காது குத்துவதென்று முடிவாயிற்று. அதற்குக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்த வேண்டும். தாய்மாமனைக் கணவனும் மனைவியுமாகச் சென்று அழைக்க வேண்டும்: தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மஞ்சள், குங்குமம் வைத்து, அண்ணன் அண்ணி இருவர் கையிலும் கொடுத்து, ‘வந்து நடத்திக் கொடுங்கள்’ என்று வாயால் சொல்ல வேண்டும். துக்கத்துக்கு யார் சொல்லிக் கேள்விப்பட்டாலும் போய் நிற்கலாம். நல்ல காரியத்துக்கு உரியவர் வந்து சொன்னால்தான் போகலாம். அந்தப் பக்கத்தில் இது எவருக்கும் தெரியாத வழக்கமில்லை, கலைமதிக்கும் தெரியும்.

ஆனால் அப்போது விளக்குகள் அவளை விடவில்லை. நிரலின் முதல் வடிவில் ஒரு பிழை இருந்தது. ஒரு விளக்கு சொன்னதை அண்டை விளக்கு கேட்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும். முதல் விளக்கோ தான் சொன்னதையே புதுச்செய்தி என்று எண்ணி மறுபடியும் சொல்லும். இவ்வாறு ஒரு சொல் ஓயாமல் சுற்றியது. முந்நூறு விளக்குகளும் வெறிகொண்டவைபோல மின்னின, கண்ணைக் கூசவைத்தன. வாரக் கணக்கில் அவள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்குமாகப் பேருந்தில் அலைந்தாள். அழைக்கப் போவது ஒரு ஞாயிறு தள்ளிப் போயிற்று. அடுத்த ஞாயிறும் தள்ளிப் போயிற்று.

காதுகுத்துக்கு முந்தைய ஞாயிறன்று, கோகுலகிருஷ்ணன் அதிகாலையிலேயே சந்தைக்குச் சென்று வெற்றிலையும் பூவும் வாங்கி வந்து, தட்டைத் துடைத்து வைத்திருந்தார். கலைமதி பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டிருந்தாள். அந்நேரம் இனியவன் தொலைபேசியில் அழைத்தார். கண்காட்சிக்கு இடமும் பொருளும் உதவியவர்கள் மறுநாள் காலை ஒத்திகை பார்க்க வருகிறார்களாம். விளக்குகள் முன்னைவிடப் பித்துப் பிடித்து ஆடுகின்றனவாம்.

“எல்லாம் பேஜாராப் பூடுச்சிக்கா. கொஞ்சம் ஜல்தியா வந்தீங்கன்னா நல்லாருக்கும்” என்றார்.

கலைமதி புடவையை மடித்து வைத்தாள். தாம் மட்டுமாவது மண்டகப்பட்டுக்குப் போய்வருவதாகக் கணவர் சொன்னார். அதையும் அவள் தடுத்தாள்.

“நீங்க மட்டும் போனா, அவ ஏன் வரலன்னு அண்ணி கேப்பாங்க. அண்ணனுக்கு எல்லாம் தெரியுங்க. சொந்தக்காரங்க குரூப்புல பத்திரிகை போட்டு எத்தினி நாளாச்சு. அவரு நம்ம வூட்டு ஆளு. அவருக்குப் போயி இன்னா அழைப்பு?”

“ஆயிரம்தான் நம்ம வூட்டு ஆளுன்னாலும்...” என்று கோகுலகிருஷ்ணன் தொடங்கினார். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

அன்று ஆலையில் பிழை பிடிபட்டது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாளம் கொடுத்தாள். கேட்ட செய்தியின் அடையாளத்தை விளக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே செய்தி வேறு யார் மூலமாக வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிட வேண்டும். அந்தச் சிறு கணினிகளில் இடம் குறைவு. ஆகவே, முதலில் சொன்ன விளக்கு எது, தன்னிடம் கொண்டுவந்து சேர்த்த விளக்கு எது என்னும் குறிப்புகளை எல்லாம் நீக்கிவிட்டாள். இனியவனுக்கு அதில் சிறு மனக்குறை. செய்தி வந்த வழியும் ஒளியில் தெரிந்தால் நன்றாயிருக்குமே என்றார்.

“செய்தி வந்து சேர்ந்தா போதுங்க இனியவன். யாரு சொன்னா இன்னா?” என்றாள் கலைமதி.

விளக்குகள் அடங்கின. ஒரு சொல் ஒரே ஒரு முறை ஆலையைக் கடந்து அமைதியாக நின்றது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அங்கிருந்து மண்டகப்பட்டு அரைமணித் தொலைவு. தனியாகப் போனால் முறையாகாது, தட்டும் வீட்டில் இருக்கிறது என்று நினைத்தபடி, களைப்போடு திண்டிவனம் பேருந்தில் ஏறி அமர்ந்தாள். பிற்காலத்தில் அவள் தன்னையே மன்னிக்க இயலாமல் தவித்தது அந்த அரைமணித் தொலைவை நினைத்துத்தான்.

செய்தி சீனுவாசனைச் சேராமல் இல்லை. பால் சங்கத்தில் ஒருவர் சொன்னார். விழுப்புரத்திலிருந்த மைத்துனி தொலைபேசியில் சொன்னாள். தேநீர்க் கடையில் கோதண்டபாணி தம் கைப்பேசியிலேயே அழைப்பிதழைக் காட்டினார். நாள், நேரம், கோயில், சமையல்காரர் பெயர் உட்பட அனைத்தும் சீனுவாசனுக்குத் தெரிந்திருந்தன.

திருவக்கரையில் குறித்த நாளன்று முகூர்த்தம் நெருங்கியது. காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு பூவிழி மணைப்பலகையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கலைமதியின் கண்கள் கோயில் வாசலை விட்டு நகரவில்லை. அண்ணன் வழக்கம்போலச் சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாகத்தான் வருவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தொலைபேசியில் அழைத்தாள். அண்ணி சின்னபொண்ணு எடுத்தாள். அவர் கழனிக்குப் போயிருக்கிறார் என்றும், வந்தால் சொல்வதாகவும் மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதையில் கலைமதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புறப்பட்டுப் போய் அழைத்துவர நேரமில்லை.

கோகுலகிருஷ்ணனின் ஒன்றுவிட்ட தம்பி விருத்தாசலம் மாமன் இடத்தில் அமர்ந்தார். ஊசி இறங்கியதும் பூவிழி வீறிட்டாள். பழகாத மடியிலிருந்து திமிறி இறங்கப் பார்த்தாள். விருத்தாசலத்துக்குக் குழந்தையை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. இரண்டு பேர் வந்து கையையும் காலையும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பந்தலோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மா முறையுள்ள லட்சுமியம்மாள், அருகிலிருந்தவளிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்போ, புள்ளைய அடுத்தவன் மடியில வெச்சி அழ வுடுறாளுங்க.”

சமையல் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் ‘நடுவில்லா ஊர்’ திறக்கப்பட்டது. இனியவன் மேடையில் கலைமதியின் பெயரை முதலில் சொன்னார். கல்லூரி மாணவர்கள் விளக்குகளின் அருகே நின்று தங்கள் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் பெயரைச் சொன்ன மறுகணம், அதை எந்த விளக்கு முதலில் கேட்டது என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாம் ஒரே நிறமாயின. எல்லோரும் சமம் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல இயலாது என்று பேசியவர் ஒருவர் பாராட்டினார். அந்தப் பாராட்டில் பிழையில்லை என்றுதான் கலைமதியும் நினைத்தாள். விளக்குகளுக்கு அந்த நிரல் சரியானது. அதைத் தன் வீட்டுக்கும் எழுதிக்கொண்டது அவள் செய்த தவறு.

அண்ணனிடம் போக அவளுக்குத் துணிவு வரவில்லை. எதைச் சொல்லி அழைப்பது? முடிந்துபோன காரியத்துக்கு அழைப்பு உண்டா? கண்காட்சி முடிகிற நாள் வந்தது. கோகுலகிருஷ்ணன் தாமாகவே தட்டைத் துடைத்து வைத்து, “விளக்கைப் பாக்கக் கூப்புடலாம், வா” என்றார். இருவரும் காலையில் மண்டகப்பட்டுக்குச் சென்றார்கள்.

“வாங்க” என்றார் சீனுவாசன். அந்த ‘வாங்க’ மாப்பிள்ளைக்கு மட்டுமா, தனக்கும் சேர்த்தா என்று கலைமதியால் அறிய முடியவில்லை. பாப்பா என்ற சொல் வரவில்லை. சின்னபொண்ணு பாய் விரித்து, மோர் கொடுத்து, பிள்ளையின் நலம் விசாரித்தாள். தட்டை நீட்டியபோது அண்ணனும் அண்ணியும் சேர்ந்தே வாங்கிக்கொண்டார்கள். குறை சொல்ல ஓர் இடமும் இல்லை.

“தப்பு பண்ணிட்டேண்ணா” என்றாள் கலைமதி. “உனக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்.”

“தெரியாம இன்னா? ஊருக்கே தெரியும்” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. “பால் ஊத்தப் போனா சொல்றான், டீ குடிக்கப் போனா சொல்றான். எல்லாரும் சொன்னாங்கம்மா. நீ வந்து சொல்லுவேன்னு உக்காந்துக்கினு இருந்தேன்.”

சின்னபொண்ணு மிச்சத்தைச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கழனிக்குப் போகவே இல்லையாம். சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து தெருவைப் பார்த்தாராம். காதுகுத்து நாள் காலையிலும் அதே சட்டையைப் போட்டுப் புறப்படத்தான் பார்த்தாராம். செருப்பை மாட்டியவர், எந்த முகத்தோடு போய் நிற்பது என்று கழற்றிப் போட்டாராம். சீனுவாசன் மனைவியைக் கண்ணால் தடுத்தார். அவள் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அழைத்தபடியே பிற்பகலில் அண்ணனும் அண்ணியும் ஆலைக்கு வந்தார்கள். கலைமதி அண்ணனை விளக்குகளுக்கு நடுவே நிறுத்தி, ஏதாவது சொல்லும்படி கேட்டாள். அவர் கூச்சப்பட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு, “பூவிழி” என்றார். ஒரு விளக்கு பச்சையாயிற்று. பச்சை கூடு கூடாகத் தாவி, பழைய எந்திரங்கள் நின்றிருந்த இடங்களைத் தாண்டி, ஆலையின் கடைசிச் சுவர்வரை சென்று நின்றது. கோகுலகிருஷ்ணன் அழைத்து வந்திருந்த பூவிழி கைதட்டினாள். சீனுவாசன் நிமிர்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தாம் நின்ற இடத்துக்கு மேலே தேடினார்.

“நான் சொன்ன வெளக்கு எதும்மா?”

“அது தெரியாதுண்ணா” என்றாள் கலைமதி. “அப்பிடித்தான் எழுதியிருக்கேன்.”

“நல்லாத்தான் கீது” என்றார் அவர்.

வெளியே நெல் உலர்த்தும் களத்தின் நிழலோரம் உட்கார்ந்தபோது, சின்னபொண்ணு சுருக்குப் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்தாள். சிவப்புக் கல் வைத்த தோடு. காதுகுத்துக்கென்று முன்கூட்டியே செய்து வைத்தது. பெட்டியைப் பார்த்ததும் கலைமதியால் அழுகையை அடக்க முடியவில்லை.

“இப்பவாச்சும் அவள மடியில வெச்சி நீயே போட்டு வுடுண்ணா” என்றாள்.

சீனுவாசன் பூவிழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காதிலிருந்த தோட்டை மெல்லத் திருகிக் கழற்றினார். காய்ப்பேறிய விரல்களால் தாம் கொண்டுவந்ததை மாட்டிவிட்டார். குழந்தை அசையாமல் இருந்தாள். அத்தையின் கைப்பேசியை வாங்கி அதில் தன் காதைப் பார்த்துச் சிரித்தாள். உடனே இறங்கி விளக்குகளைப் பார்க்க உள்ளே ஓடிவிட்டாள். மடி வெறுமையாயிற்று.

“பாத்தியா, அழுவவே இல்ல” என்றார் சீனுவாசன், வேட்டியைச் சரிசெய்தபடி. “அழுவுற புள்ளையப் புடிச்சிக்கத்தாம்மா மாமன் மடி. தோடு மாட்ட யாரு மடியா இருந்தா இன்னா?”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அதன்பின் கலைமதி எந்தக் காரியத்துக்கும் கைப்பேசியில் அழைப்பு அனுப்புவதில்லை. பூவிழியின் பிறந்தநாளானாலும், கடைக்குப் பூசை போடுவதானாலும், கணவரோடு மண்டகப்பட்டுக்குச் சென்று தட்டு வைத்துச் சொல்கிறாள். இவ்வளவு எதற்கு என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். சீனுவாசன் ஒன்றுக்கும் தவறுவதில்லை. குறித்த நேரத்துக்கு முன்பே மனைவியோடு வந்துவிடுகிறார். சீர்வரிசையில் குறை வைப்பதில்லை. பந்தியில் அமர்ந்து உண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு புறப்படுகிறார். வாசல் வழியாகத்தான் வருகிறார். வாசல் வழியாகவே போகிறார். விதை வாங்கத் திண்டிவனம் வந்துபோன செய்தி, அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, உரக்கடைக்கு வரும் யாராவது சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது.